ஏரியில் கிடைத்தவர்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

இந்தப் பெயர் சொல்லி உன்னைக் கூப்பிடும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துவிடுவாய் என்று பயந்து, முகவரியை என் இப்போதைய வீட்டுக்காரரை விட்டு எழுதச் சொன்னேன். ஆயுசு முழுக்க பஸ் டிப்போவில் ஸ்பானர் பிடித்த கை. எழுத்தும் அப்படித்தான் இருக்கும். தில்லுமுல்லுக்கு மன்னித்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

உயிரோடு என்று ஒரு நொடிகூட நினைத்துவிடாதே. நான் அப்படித்தான் நினைத்தேன், இந்த வயதிலும். வாசலில் சீருடையில் நின்ற பெண் "கிடைச்சிருக்காரு மேடம்" என்று சொன்னதும் என் கை தானாகவே தலைமுடியைச் சரிசெய்தது. அடுத்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதற்குள் அவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது.

எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. போன மாதம் அதைத் தூர் வாரியிருக்கிறார்கள். மண்வாரி இயந்திரத்தின் பல்லில் ஏதோ தகடு மாட்டியிருக்கிறது. பார்த்தால் போர் விமானத்தின் இறக்கை. இன்ஜினில் பொறித்திருந்த எண்ணை விமானப்படையில் ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். போரின்போது அன்று சாயங்காலம் உன் அண்ணன் ஓட்டிக்கொண்டு போனதாகப் பதிவில் இருக்கும் விமானம் அதுதான். விமானி உட்காரும் இடத்தில், சேற்றுக்குள் எலும்புகள் இருந்தன.

இன்னாருடையது என்று உறுதி செய்ய ரத்த சொந்தம் வேண்டுமாம். அந்த அதிகாரிப் பெண் மிகவும் தயங்கித்தான் சொன்னாள். "மேடம், நீங்க அவருக்கு மனைவி. ஆனா ரத்த உறவு இல்லையே." தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார், சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடுவார், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த எலும்புக்கு நான் யாரோ.

உன் அம்மா இல்லை. ஒரு வயிற்றில் பிறந்தவள் நீ ஒருத்திதான் இருக்கிறாய். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். வலிக்காது. யோசித்துப் பதில் போடு.

உன் அண்ணி
(நீ ஒத்துக்கொள்ளாவிட்டாலும்)

•

பிப்ரவரி 17

கிழிக்கவில்லை. கண்ணாடிக் கடை நடத்துகிறேன், கண் டாக்டர்கள் எழுதும் சீட்டுகளையே படித்துவிடுகிறவள். மெக்கானிக்கின் எழுத்து எவ்வளவோ தேவலை.

வாலு என்று கூப்பிட்டவன் ஒருவன்தான். அவனோடு அது போயிற்று. எனக்கு அறுபது ஆகப்போகிறது.

நீங்கள் சொன்னதைப் படித்தேன். நான் சொல்ல வேண்டியதையும் படியுங்கள். அண்ணன் காணாமல் போய் ஆறே வருடத்தில், அவன் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லி நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். தகவல் வந்த அன்று அம்மா சொன்னாள், "சுட்டது யாரோ. சாகடிச்சது இவ." அதன் பிறகு உங்கள் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதை இரண்டாகக் கிழித்துத் திருப்பி அனுப்பியது நான்தான், அம்மா இல்லை. இத்தனை காலம் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை வந்தது. என் கடைக்கு மேல் மாடியிலேயே கண் டாக்டர். எழுந்து போனால் போதும். ஒத்துக்கொள்ளவே இல்லை. "ரெண்டு நாள் கண்ணைக் கட்டி வெப்பாங்களாமே. அந்த ரெண்டு நாள்ல அவன் வந்துட்டான்னா?" என்பாள். நான் ஊரில் எத்தனையோ பேருக்குப் பார்வை சரிசெய்து கொடுத்தேன். என் அம்மா என் முகம் தெரியாமல் செத்தாள்.

இப்போது என் எச்சில் வேண்டும், அப்படித்தானே? கொடுத்தால் என்ன நடக்கும்? எலும்பு அவனுடையது என்று ஆகும். பெட்டியில் வைத்து மூடி, மரியாதை எல்லாம் செய்து, யார் கையில் கொடுப்பார்கள்? மனைவி கையில். இன்னொருவரோடு வாழ்ந்துகொண்டிருக்கும் மனைவி கையில். என் எச்சிலை வாங்கிக்கொண்டு என் அண்ணனை உங்களிடம் கொடுப்பார்கள்.

முடியாது.

•

பிப்ரவரி 25

வாலு,

நீ வேண்டாம் என்றாலும் எனக்கு வேறு பேர் வாயில் வரவில்லை. பொறுத்துக்கொள்.

அம்மாவின் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது. அம்மா போனதே எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? நான் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் தெருவில் முன்பு குடியிருந்த ஒரு பெண்மணி என் பஸ்ஸில் ஏறி, என்னை அடையாளம் கண்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே சொன்னார், "உங்க பழைய மாமியார் தவறிட்டாங்களே, போயிருந்தீங்களா?" பஸ் நிறையக் கூட்டம். அடுத்த நிறுத்தம் வரை ஓட்டினேன். இறங்குகிறவர்களை இறக்கி, ஏறுகிறவர்களை ஏற்றி, கதவை மூடி, மறுபடி ஓட்டினேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்தேன். நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம் என்று உன்மேல் எனக்கும் வருத்தம் உண்டு. இத்தோடு அதைச் சொல்லி முடித்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. அவர் காணாமல் போன பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டால் ஓடுவேன். பால்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் ஓடித் திறப்பேன். திறந்ததும் என் முகம் போகிற போக்கைப் பார்த்து அவர்களே "மன்னிச்சிடுங்க" என்பார்கள். ஆறு வருடம் அப்படி ஓடினேன். ஒருநாள் கதவு தட்டிற்று. நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே "யாரு?" என்றேன். அந்த வாரம்தான் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டி உனக்கு. நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கே வைப்பது, எப்படி வைப்பது எல்லாம் நீ சொல்வதுதான். நீ எச்சில் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது மாறாது. எழுதிக் கொடுக்கும்போது இவரும் பக்கத்தில் இருந்தார். "சரியாத்தான் செய்யற" என்றார்.

ஏரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீர் வடித்த ஏரி பார்க்க நன்றாகவே இல்லை, கறுப்புச் சேறும் நாற்றமும்தான். மண்வாரி ஓட்டுகிறவர் இளவயதுக்காரர். தகடு தெரிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டாராம். மேஸ்திரி ஓட்டச் சொல்லிக் கத்தியும் இறங்கிவிட்டாராம். என்னிடம் வந்து, "பல்லு ரொம்ப ஆழமா எறங்கலைங்க. அவங்க மேல படலை" என்றார். அதைச் சொல்வதற்காகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஓரத்தில் கூடாரம் போட்டு, சேற்றைச் சல்லடையில் அலசிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாக இருந்தவர் எலும்பு டாக்டர். எலும்பு டாக்டர் என்றதும் இவருடைய முழங்காலையும் காட்டிவிடலாமா என்று யோசித்துவிட்டேன். இறந்தவர்களின் எலும்பை மட்டும் பார்ப்பவராம்.

ஒரு தட்டில் பூட்ஸ் இருந்தது. ஒரு கால் பூட்ஸ்தான், மற்றது கிடைக்கவில்லை. பெரிதாக இருந்தது. இத்தனை காலம் தண்ணீரில் கிடந்து ஊதிவிட்டது போலிருக்கிறது.

உன் அண்ணி

•

மார்ச் 8

கொடுத்துவிட்டேன்.

அந்த அதிகாரிப் பெண் என் கடைக்கே வந்தாள். பவர் பார்க்கும் நாற்காலியிலேயே உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். பிரேம் பார்க்க வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "இங்க பல்லும் பாப்பீங்களா?" என்று கேட்டார். "எல்லா இடத்தையும் பாப்போம், உக்காருங்க" என்றேன்.

பெட்டியை நீங்கள் விட்டுக்கொடுத்ததற்காகக் கொடுக்கவில்லை. கதவு தட்டியும் எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்காக. எனக்கும் அப்படி ஒருநாள் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொரு விஷயம். தோல் தண்ணீரில் கிடந்தால் ஊதாது. சுருங்கும். கண்ணாடி உறைக்கு வாங்கும் தோலை வைத்துப் பல வருடமாக மாரடிக்கிறேன், எனக்குத் தெரியும். அண்ணனுக்குச் சின்னக் கால். நான் எட்டாவது படிக்கும்போது அவன் ஷூவைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன், கச்சிதமாக இருந்தது. விமானப்படையில் சேர்ந்தபோது அவன் அளவுக்குப் பூட்ஸ் இல்லை, முன்னால் பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான்.

உங்களுக்கு அவன் கால் நினைவில்லையா?

•

மார்ச் 14

வாலு,

நினைவிருக்கிறது. அதனால்தான் ஊதிவிட்டது என்று எழுதினேன்.

அந்தத் தட்டைப் பார்த்ததும் என் மனம் ஒன்று சொன்னது. நான் அதன் வாயை மூடிவிட்டேன். இதுவும் இல்லையென்று ஆனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. முடிவு வரட்டும். அதுவரை பூட்ஸைப் பற்றிப் பேச வேண்டாம்.

இவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மாடிப்படி ஏறும்போது முனகல் வெளியே வரக்கூடாது என்று பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறார். அதே பாட்டு. கேட்டுக் கேட்டு எனக்கு முழங்கால் வலிக்கிறது.

அண்ணி

•

ஏப்ரல் 30

வாலு,

உன் அண்ணன் இல்லை.

உன்னோடு எதுவும் பொருந்தவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லையாம். தவிர, தொடை எலும்பின் நீளத்தை வைத்துப் பார்த்தால் அந்த மனிதர் மிகவும் உயரமானவராம். சேதி சொல்ல வந்த அதிகாரிப் பெண் உட்காரவே மாட்டேன் என்றாள். கட்டாயப்படுத்தி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள்தான் அழுதாள். நான் அழவில்லை.

உயரமானவர் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு நெட்டையை நினைவிருக்கிறதா? எங்கள் கல்யாணத்தில் புகைப்படம் எடுக்கும்போது அவர் தலை படத்துக்குள் வரவில்லை என்று உட்கார வைத்தார்களே, அவர்தான். உன் அண்ணனும் அவரும் ஒரே அணி, ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. நெட்டைக்கு ஒரு தம்பி இருக்கிறார், பெயின்டர், வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். அவரிடமும் கன்னத்தில் தேய்த்து எடுத்தார்கள். நேற்று முடிவு வந்தது. அச்சாகப் பொருந்திவிட்டது. ஏரியில் கிடந்தவர் நெட்டை.

உன்னை வீணாக அலைக்கழித்துவிட்டேன். இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்த்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அது மட்டும் உண்மை.

அண்ணி

•

மே 4

நெட்டையை அந்தச் சமயத்திலேயே விமானப்படைக் கல்லறையில் அடக்கம் செய்ததாக எனக்கு நினைவு. அவர் ஏரியில் இருந்தார் என்றால், அந்தக் கல்லறையில் இருப்பது யார்?

•

மே 10

வாலு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உன் அண்ணன் இல்லை என்பதிலேயே உழன்றுகொண்டிருந்ததில் அந்தக் கல்லறையை நான் நினைக்கவே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. இவர்தான் நொண்டிக்கொண்டே வந்து அணைத்தார்.

அதிகாரிக்குப் போன் செய்தேன். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாளாம். "சோதனை பண்ணாம வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன் மேடம்" என்றாள். அன்று விமானத் தளத்திலிருந்து மேலே போய் உயிரோடு திரும்பாதவர்கள் இரண்டே பேர். சைரன் ஊதியதும் ஓடிப்போய்க் கிட்டத்தில் இருந்த விமானத்தில் ஏறியிருக்கிறார்கள். உன் அண்ணன் விமானத்தில் நெட்டை, நெட்டையின் விமானத்தில் உன் அண்ணன். ஏற்றிவிட்ட பணியாளர் சற்று நேரத்தில் குண்டு விழுந்து போய்விட்டார். யார் எதில் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஒரு விமானம் மாயமாயிற்று. இன்னொன்று திரும்பி வந்து, தரை தொடும் இடத்துக்கு முன்னாலேயே விழுந்து எரிந்தது. வால்பகுதி எண்ணை வைத்து அது நெட்டை என்று முடிவு செய்தார்கள்.

நான் அந்த அடக்கத்துக்குப் போயிருந்தேன், வாலு.

நெட்டை எங்கள் குவார்ட்டர்ஸில் வாரத்துக்கு நாலு நாள் சாப்பிடுகிற மனிதர். கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வந்ததே இல்லை. போகாமல் இருக்க முடியுமா? உன் அண்ணனைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை. வந்துவிடுவார் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். நெட்டையின் உயரத்துக்கென்றே செய்த நீளப் பெட்டி. இப்போது படுத்தால் அந்தப் பெட்டிதான் கண்ணில் வருகிறது. அதற்குள் உன் அண்ணன் கால்பக்கம் எவ்வளவு இடத்தை மிச்சம் வைத்துக்கொண்டு கிடந்தாரோ.

நெட்டையின் தம்பி அப்போது விடலை. என் தோளில் சாய்ந்து அழுதான். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஆனால் என் மனம் அங்கே இல்லை. வயர்லெஸ் அறைக்கு ஏதாவது செய்தி வந்திருக்குமோ என்று அதே நினைப்பு. வைத்திருந்த பூவைப் பெட்டிமேல் வைத்தேன். மண் போட ஆரம்பித்தபோதே நழுவிவிட்டேன். ஓட்டமும் நடையுமாக வயர்லெஸ் அறைக்குப் போனேன்.

அவரை அங்கே விட்டுவிட்டு, அவரைத் தேடி ஓடினேன், வாலு.

அண்ணி

•

மே 19

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். தளத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு விடுதி அறையில் இருந்து எழுதுகிறேன். மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது, தலையில் விழுந்தால் மூன்றாவது அடக்கம் ஆகிவிடும்.

முதலில் ஒன்று சொல்கிறேன். ஓடிவிட்டேன் ஓடிவிட்டேன் என்று அழுதுகொண்டிருக்காதீர்கள். அம்மாவும் நானும் அன்று எங்கே இருந்தோம்? ரேடியோவுக்கு முன்னால். எங்கள் வீட்டிலிருந்து அவனை வழியனுப்பப் போனது நீங்கள் ஒருத்திதான். அவன் பெட்டிமேல் பூ வைத்தது நீங்கள்தான். தெரிந்து வைத்தால் என்ன, தெரியாமல் வைத்தால் என்ன? அவனுக்கு யாருமே இல்லாமல் நடந்துவிட்டதோ என்றுதான் இத்தனை வருடமும் எனக்குக் குடைந்துகொண்டிருந்தது. இல்லையே. நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.

கல்லறையில் பெயின்டரைப் பார்த்தேன். அவரும் செய்தி கேள்விப்பட்டு வந்திருந்தார். விடலை என்று எழுதியிருந்தீர்களே, இப்போது வழுக்கை, பல்லில் பாதி இல்லை. ஆனால் ஆள் நல்ல உயரம். அண்ணன் இருக்கிற ஊரிலேயே இருந்துவிடலாம் என்று அந்தக் காலத்திலேயே இங்கு குடிவந்துவிட்டாராம். கல்யாணம், பிள்ளைகள், தொழில் எல்லாம் இந்த ஊரில்தான். வாரம் தவறாமல் கல்லறைக்கு வருவாராம். வருடா வருடம் கம்பி வேலிக்கு வர்ணம் அடித்து, கல்லில் வெட்டிய எழுத்துகளுக்குக் கறுப்பு பூசுவாராம். அந்த வரிசையிலேயே பளிச்சென்று இருப்பது அந்த ஒரு கல்தான். ஒரு புல் இல்லை, ஒரு சருகு இல்லை.

கல்லைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார், "அப்ப நான் இத்தனை வருஷமா பேசிக்கிட்டிருந்தது உங்க அண்ணன்கிட்டயாம்மா?"

"என்ன பேசுவீங்க?" என்றேன்.

"எல்லாந்தான். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனது, பொண்ணு பரீட்சையில கோட்டை விட்டது. கடன்காரன் தொல்லைகூடச் சொல்லியிருக்கேன். எங்க வீட்டு விஷயம் பூரா அவருக்குத் தெரியும்." சொல்லிவிட்டு அவருக்கே கூச்சமாகிவிட்டது. அந்நிய மனிதரிடம் உளறிவிட்டோமே என்பது மாதிரி.

"கவலைப்படாதீங்க, எங்க அண்ணனுக்கு ஊர்க்கதை கேக்கறதுன்னா சாப்பாடே வேண்டாம்" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு நடுவில் அழுகையாகிவிட்டது. "எங்க அண்ணன் அங்க சேத்துல தனியா கெடந்தாரே. அவருகிட்ட யாரும் பேசலையே" என்றார். தோளைத் தட்டிக் கொடுத்தேன். எட்டவில்லை, முழங்கைக்குக் கொஞ்சம் மேலே தட்டினேன்.

கல்லறையை ஓரமாகத் திறந்து, சோதனைக்காக ஒரு பல் மட்டும் எடுக்கப் போகிறார்கள். என் சம்மதம் கேட்டார்கள். உங்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

வாலு

•

மே 24

வாலு,

எடுக்கட்டும். கடைவாய்ப் பல்லாகப் பார்த்து எடுக்கச் சொல். நறநறவென்று கடித்துத் தேய்ந்து, மேல் பாகம் சப்பையாக இருக்கும். அது போதும் எனக்கு.

அண்ணி

•

ஜூலை 6

வாலு,

உனக்கும் செய்தி வந்திருக்கும். இருந்தாலும் நானும் ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன். அவர்தான். உன் அண்ணன்தான். எலும்பு டாக்டர் எனக்குப் போன் செய்து, "பல் நீங்க சொன்ன மாதிரியே சப்பையா இருந்துச்சும்மா" என்றார். சோதனையெல்லாம் செய்து சொன்ன முடிவைவிட அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் நம்பினேன். உட்கார்ந்து நன்றாக அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து துண்டைக் கொடுத்தார். "வேற துண்டு வேணுமா?" என்று அவ்வப்போது கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

நெட்டையின் அடக்கத்துக்கு ஆகஸ்ட் 2 என்று நாள் குறித்திருக்கிறார்கள். என்னால் வர முடியாது. இவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, அதே வாரம். தள்ளிப்போடலாம் என்று இவரே சொன்னார், "நீ போயிட்டு வா, நான் பாடிக்கிட்டே படுத்திருக்கேன்" என்றார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று பாதியில் ஓடினேன். இந்தத் தடவை வராமலே இருக்கிறேன். நெட்டைக்கு என் சார்பில் நீ பூ வை.

உன் அண்ணனை உங்கள் ஊருக்கு எடுத்துப்போய் அம்மா பக்கத்தில் வைக்க நீ ஆசைப்படுவாய். ஏற்பாடுகளுக்கு ஏதாவது என் கையெழுத்து வேண்டுமென்றால் உடனே அனுப்பு. இந்தக் கையெழுத்தை நான் சந்தோஷமாகப் போடுவேன்.

அண்ணி

•

ஆகஸ்ட் 5

அண்ணி,

ஆஸ்பத்திரி முகவரிக்கே அனுப்புகிறேன். மெக்கானிக் எப்படி இருக்கிறார்? புது முழங்காலுக்கு எண்ணெய் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நெட்டையை வைத்தாகிவிட்டது. அதிகாரிப் பெண் வந்திருந்தாள். அந்த மண்வாரி ஓட்டும் பையனும் பஸ் மாறி மாறி வந்திருந்தான். கொடி போர்த்தி, துப்பாக்கி வெடித்து, முறைப்படி எல்லாம் செய்தார்கள். பெட்டியைத் தாங்கிப் பிடித்தபோது பெயின்டர், "போன தடவையும் இப்படித்தான் வெயில்" என்றார். பிறகு மண் முழுவதும் போட்டு முடியும் வரை யாரும் நகரவில்லை. உங்களுக்காக நானும் கடைசி வரை நின்றேன். பூ வைத்தேன், உங்கள் பங்கு தனி, என் பங்கு தனி.

அண்ணனை எடுக்கச் சொல்லவில்லை. உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அம்மா பக்கத்தில் வைக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் போனேன், ரயிலில் கணக்கெல்லாம் போட்டேன். பெயின்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், பரீட்சை முடிவு கேட்க நிற்பவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கத்துக்கு முந்தின நாள் நானே சொல்லிவிட்டேன், "எங்க அண்ணன் இங்கயே இருக்கட்டும். உங்க அண்ணனைப் பக்கத்துல வெச்சுக்கலாம். ரெண்டு பேரும் சிநேகிதங்கதானே." அவர் தலையை ஆட்டிவிட்டு அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவின் கல்லறையிலிருந்து ஒரு பை மண் கொண்டுவந்து அண்ணன் பக்கத்தில் போடப் போகிறேன். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அவள் டாக்டரிடம் கண்ணையே காட்டியிருப்பாள்.

பழைய கல்லை அப்படியே பெயர்த்துப் பக்கத்தில் நெட்டைக்கு நட்டுவிட்டார்கள். அண்ணனுக்குப் புதுக்கல். பெயரை வெட்டி முடித்துவிட்டார்கள், கறுப்பு பூசுவதுதான் பாக்கி. நேற்றுக் காலையில் பெயின்டர் டப்பாவும் மெல்லிய பிரஷ்ஷுமாக வந்தார். முதல் எழுத்தை என்னைப் பூசச் சொன்னார். லென்ஸ் தேய்த்துப் பழகிய கை, கொஞ்சம்கூட ஆடாது என்று பெருமையாகத்தான் வாங்கினேன். ஓரத்தில் வழிந்ததை அவர் சட்டை நுனியால் துடைத்துச் சரிசெய்தார். நடு எழுத்துகளை அவர் பூசினார், நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

கடைசி எழுத்துக்கு வந்தபோது நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். எழுத்தைப் பூசிவிட்டோம். அதற்கு மேலே இருக்கும் புள்ளியைப் பூசவில்லை. அது அண்ணிக்கு என்றேன். இப்போதைக்குப் பார்க்கிறவர்கள் அவன் பெயரைத் தப்பாகத்தான் படிப்பார்கள். படிக்கட்டும்.

மெக்கானிக் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் இரண்டு பேருமாக வாருங்கள். நானும் வந்துவிடுகிறேன். உங்களோடு நேரில் சண்டை போட்டு ரொம்ப நாளாகிறது. பெயின்டர் டப்பாவை இறுக்கி மூடி வைத்திருக்கிறார். ஒரு மாதம் தாங்கும், அதற்கு மேல் காய்ந்துவிடும் என்கிறார்.

வாலு